மார்ச் ஏழாம் தேதியை எடுத்துக்கொண்டவள்

என் தங்கை தொம்னிக்கா காலை ஏழு மணிக்கு முன்னால் யாரோடும் பேச மாட்டாள். ஏழு மணிக்கு வெள்ளைப் பெட்டியைத் திறந்து, வெப்பமானியைப் பார்த்து, நோட்டில் எண்ணை எழுதி, திரும்பி வந்து ஒரு கோப்பை காபி குடித்த பிறகுதான் அவள் வாயிலிருந்து முதல் சொல் வரும். அதற்கு முன்னால் யாராவது வணக்கம் சொன்னால், கடன் கேட்டதுபோல் பார்ப்பாள். எங்கள் பூனைகூட ஏழேகால் வரை அவள் காலடிக்குப் போகாது. காபி உள்ளே போய்விட்டால் அவளைப்போல் இனிமையான பெண் இந்த ஊரில் கிடையாது. இதைச் சொந்த அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எங்கள் ஊரின் வானிலைப் பதிவாளர் அவள்தான். காலை ஏழு, பகல் ஒன்று, மாலை ஏழு என ஒரு நாளில் மூன்று முறை பதிவு. பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு பதிவுகூட விட்டுப்போனதில்லை. பென்சிலால்தான் எழுதுவாள். குளிரில் பேனா மை உறைந்துபோகும். அந்த நோட்டுகளில் ஒரே ஒரு வரி மட்டும் என் கையெழுத்தில் இருக்கிறது. அம்மாவை அடக்கம் செய்த அன்று காலை அவளால் எழ முடியவில்லை. நான் போய்ப் பார்த்து, ‘3.4’ என்று எழுதி வந்தேன். சரியாகப் பார்த்தோமா என்று வழியில் இரண்டு முறை திரும்பிப் போய்ச் சரிபார்த்தேன்.

நான் தச்சன். பெயர் யோர்தாகே. எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எனக்கும் அவளுக்கும் பதின்மூன்று வயது வித்தியாசம். ஆறு வயதில் அவள் தக்காளி டப்பாவை முற்றத்தில் வைத்து மழையை அளப்பாள். அளக்கக் கோல் வேண்டும் என்றாள். மில்லிமீட்டர் கோடு போட்டு ஒரு குச்சி செதுக்கிக் கொடுத்தேன். அவளைப் பட்டணத்தில் சேர்த்துப் படிக்க வைத்தது என் இழைப்புளி. வெப்பமானி இருக்கிற வெள்ளைப் பெட்டியும் நான் செய்ததுதான். காற்று நுழையவும் வெயில் நுழையாமல் இருக்கவும் நான்கு பக்கமும் சாய்வுப் பலகைகள். தரையிலிருந்து சரியாக இரண்டு மீட்டர் உயரம். கதவு வடக்குப் பார்த்து. இத்தனை ஆண்டில் ஒரு பலகை வளைந்ததில்லை.

ருமேனியாவின் கிழக்குக் குன்றுகளுக்கு நடுவே கிண்ணம் மாதிரி கிடக்கிறது எங்கள் ஊர். குளிர்க்காற்று குன்றுகளிலிருந்து வழிந்து வந்து அடியில் தேங்கும். பட்டணத்தில் இருக்கிற வட்டார வானிலை நிலையம் வாரா வாரம் ஏழு நாள் கணிப்பை அனுப்பும். அதைத் தொம்னிக்கா அப்படியே ஒப்பிக்க மாட்டாள். தன் நோட்டுகளைப் புரட்டி, நம் கிண்ணத்துக்கு எவ்வளவு கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்று பார்த்து, ரொட்டிக்கடை வாசலில் இருக்கிற கரும்பலகையில் எழுதுவாள். பலகையும் நான் செய்ததுதான்.

மார்ச் மாதத்தை நம்பிக் கெட்டவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். தொக்கியா என்ற கிழவி ஒன்பது ஆட்டுத்தோல் கோட்டு போட்டுக்கொண்டு ஆடுகளை மலைக்கு ஓட்டிப் போனாளாம். வெயிலைப் பார்த்து ஏமாந்து நாளுக்கு ஒரு கோட்டாகக் கழற்றினாளாம். ஒன்பதாவதையும் கழற்றிய அன்று பனி வந்து அவளையும் ஆடுகளையும் கல்லாக்கிவிட்டதாம். அதனால் மார்ச் ஒன்று முதல் ஒன்பது வரை எங்களுக்குக் கிழவி நாட்கள். ஒவ்வொரு பெண்ணும் அதில் ஒரு நாளைத் தனக்கென்று எடுத்துக்கொள்வாள். அந்த நாள் எப்படி இருக்கிறதோ, அப்படித்தான் அவள் வருடமும், அவள் குணமும்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. தன் நாளை முன்கூட்டியே எடுக்க வேண்டும். வானத்தைப் பார்த்துவிட்டு எடுத்தால் செல்லாது. ஆறு வருடத்துக்கு முன் தொம்னிக்கா வழக்கம்போலப் பலகையில் ‘மூன்றாம் தேதி நல்ல வெயில்’ என்று எழுதிவிட்டாள். அந்த வருடம் ஊரில் நாற்பத்தோரு பெண்கள் மூன்றாம் தேதியை எடுத்தார்கள். பெரிய சண்டை. அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு வந்தது. பிப்ரவரி கடைசி வாரம் பலகை காலியாக இருக்கும். யாருக்கு எந்த நாள் என்று ரொட்டிக்கடை ப்ரோஃபிரா பட்டியல் எழுதுவாள். பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி பகல் பன்னிரண்டுக்குப் பட்டியலை மூடுவாள். அதன் பிறகே தொம்னிக்கா கணிப்பை எழுதுவாள். கணிப்பு தெரிந்தவள் என்பதால் தொம்னிக்கா எந்த நாளையும் எடுப்பதில்லை. எடுத்தால் ஏமாற்று என்று அவளே சொல்லிவிட்டாள்.

போன வருடம் பட்டியல் மூடும் நாள் புதன்கிழமை. அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு நானும் கடையில் இருந்தேன். பலகையின் ஒரு மூலை ஆடுகிறது என்று திருகாணி போட வந்திருந்தேன். ப்ரோஃபிரா பட்டியலை மடித்துக் கல்லாவுக்கு அடியில் வைத்தாள். தொம்னிக்கா எழுத ஆரம்பித்தாள். ஒன்று முதல் நான்கு வரை வெயில், பதினேழு டிகிரி. ஐந்தாம் தேதி மாலை வடகிழக்குக் காற்று. ஆறாம் தேதி மழை, பிறகு பனி. ஏழாம் தேதி விடியற்காலை மைனஸ் பத்து.

மைனஸ் பத்து என்று எழுதியதும் சுண்ணாம்புக்கட்டி நின்றது. பின்னால் பனாயித் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது. எங்கள் தெருவில் கடைசி வீடு. முந்நூற்று அறுபது திராட்சைக் கொடி, பன்னிரண்டு வரிசை. நவம்பர் மாதக் குளிருக்கு முன்னால் எங்கள் ஊரில் கொடிகளை மடக்கி மண் போட்டு மூடிவிடுவோம். மார்ச்சில் மண்ணை விலக்கித் தூக்கிக் கம்பியில் கட்டுவோம். எப்போது தூக்குவது என்பதில்தான் தலையெழுத்து. மண்ணுக்குள் இருந்து வந்த மொட்டு ஈரமாக, மிருதுவாக இருக்கும். தூக்கியபின் கடும்பனி அடித்தால் அந்த வருடம் குலை கிடையாது. ரொம்ப நாள் விட்டாலும் உள்ளேயே முளைத்து, வெள்ளை வெள்ளையாக ஒடிந்துபோகும்.

“என்னம்மா, மைனஸ் பத்தா?” என்றார் பனாயித். “போன வருஷம் ஏழுன்னே. இந்த வருஷம் பத்து. சர்க்கரை விலை மாதிரி ஏறிக்கிட்டே போகுதே.”

ரொட்டிக்கு நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

“பட்டணத்துல எவ்வளவு சொல்றாங்க?” என்று கேட்டார் பனாயித்.

“மைனஸ் ரெண்டு, மாமா” என்றாள் தொம்னிக்கா. அவள் பொய் சொல்ல மாட்டாள். “ஆனா நம்ம ஊர்ல பனி தரையில கிடந்து, காத்து நின்னு, வானம் தெளிஞ்சா எட்டு டிகிரி கூடக் குறையும். ஒன்பது தடவை அப்படி ஆயிருக்கு. நோட்டுல இருக்கு.”

“அவங்ககிட்ட பெரிய மெஷின் இருக்கு. உன்கிட்ட உங்க அண்ணன் செஞ்ச பெட்டி இருக்கு.”

“பெட்டியைப் பத்திப் பேசாதீங்க அண்ணே” என்றேன். “ஒரு பலகை வளைஞ்சதில்ல.”

“பலகை வளையலப்பா. என் இடுப்பு வளைஞ்சிருச்சே.” அவர் சிரிக்கவில்லை. “பசங்க ரெண்டு பேரும் இத்தாலியிலேருந்து வந்திருக்காங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிடுவாங்க. நாலு நாள்ல மூணு பேரும் சேர்ந்து பன்னெண்டு வரிசையையும் தூக்கிடுவோம். அவங்க போனப்புறம் நான் ஒண்டியாத் தோண்டணும்னா, கொடியை வெளிய எடுக்கறதுக்குள்ள என்னை உள்ள வெக்க வேண்டியதுதான்.”

யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் முந்தைய வருடம் ஞாபகம் இருந்தது. முந்தைய வருடமும் தொம்னிக்கா பட்டணத்துக் கணக்கோடு தன் கணக்கைக் கூட்டி, உறைபனி வரும் என்று எழுதினாள். இரண்டு முறை எழுதினாள். இரண்டு முறையும் விடியும் நேரத்தில் மேகம் வந்து ஊரைப் போர்வைபோல் மூடிக்கொண்டது. தரையின் சூடு வெளியேறாததால் உறைபனி வரவில்லை. அவள் பேச்சைக் கேட்டுக் காத்திருந்த பனாயித்துக்குப் பாதிக் கொடிகள் மண்ணுக்குள்ளேயே முளைத்து வீணாயின. அந்த இலையுதிர் காலம் முழுவதும் தொம்னிக்கா அவர் வீட்டு வழியாகப் போகாமல் ஆற்றங்கரை சுற்றித்தான் சைக்கிளில் போனாள். ஒரு கிலோமீட்டர் அதிகம். நான் அளந்திருக்கிறேன்.

“மாமா, இந்த வருஷம் இப்பவே தூக்காதீங்க” என்றாள்.

“சொல்றது சுலபம். தப்பாப் போனா உனக்கு என்ன நஷ்டம்?” என்றார் அவர். பிறகு கல்லாப் பக்கம் திரும்பினார். “ஒண்ணு பண்ணு. ஏழாந்தேதியை நீ எடுத்துக்க. பட்டியல்ல உன் பேரை எழுது. உறைபனின்னு தெரிஞ்சே எந்தப் பொண்ணு அந்த நாளை எடுப்பா? நீ எடுத்தா நான் நம்பறேன். மண்வெட்டியைத் தொட மாட்டேன்.”

“பட்டியலை மூடியாச்சு!” என்று கத்தினாள் ப்ரோஃபிரா.

அவள் கத்தியதற்குக் காரணம் இருந்தது. அவள் மகன் இலாரியோனுக்கும் என் தங்கைக்கும் அக்டோபரில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. தொம்னிக்காவுக்கு நாற்பத்தொரு வயது. பஸ் ஓட்டுகிற இலாரியோன் ஆறு வருடமாக அவள் சைக்கிளைத் தன் பஸ்ஸின் கூரையில் ஏற்றி இறக்கியபின் ஒரு வழியாக வாய் திறந்து கேட்டிருந்தான்.

“மணி பன்னெண்டு அஞ்சுதானே ஆகுது” என்றார் பனாயித்.

“அஞ்சு நிமிஷம்னாலும் மூடினது மூடினதுதான்! யோவ், கல்யாணப் பொண்ணுய்யா அவ. கல்யாண வருஷத்துல பனி நாளை எடுக்கச் சொல்றியே, உனக்கு வாய் கூசல? உன் கொடிக்கு என் மருமக வருஷத்தையா அடகு வெக்கறது?”

“அத்தை” என்றாள் தொம்னிக்கா. “அந்தப் பேப்பரைக் குடுங்க.”

“குடுக்க மாட்டேன்.”

தொம்னிக்கா கல்லாவைச் சுற்றிப் போய்த் தானே எடுத்தாள். காதில் செருகியிருந்த பென்சிலால் ஏழாம் தேதிக்கு நேராகத் தன் பெயரை எழுதினாள். அந்த வரிசையில் வேறு பெயரே இல்லை. பனாயித் எட்டிப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒரு ரொட்டியை வாங்கி அக்குளில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

அதற்குப் பிறகு ப்ரோஃபிரா நான்கு நாள் எனக்கு முந்தின நாள் ரொட்டியையே கொடுத்தாள். தங்கையைக் கேட்கத் துணிவில்லாமல் கோபத்தை அண்ணனிடம் காட்டினாள். இலாரியோனிடம் கேட்டேன், உனக்கு வருத்தமா என்று. “எனக்கென்ன மச்சான், பஸ்ல ஹீட்டர் இருக்கு” என்றான்.

முதல் நான்கு நாளும் வெயில் கொளுத்தியது. பதினேழு டிகிரி என்று எழுதியிருந்தாள், பதினெட்டரை வந்தது. வசந்தத்தை வரவேற்கப் பெண்கள் சட்டையில் குத்திக்கொண்ட சிவப்பு வெள்ளை மார்ச் நூல்கள் தெரியும்படிக் கோட்டில்லாமல் நடந்தார்கள். தேனீக்கள் வெளியே வந்துவிட்டன. கீழ்த்தெருவில் மூன்று வீட்டில் கொடிகளைத் தூக்கிவிட்டார்கள். தொம்னிக்கா மட்டும் ஆட்டுத்தோல் கோட்டோடு சைக்கிளில் போனாள். வழியில் நின்றவர்கள், “தொக்கியாக் கிழவி வரா, வழி விடுங்க” என்றார்கள். காபி குடித்த நேரமாக இருந்தால் சிரித்தாள்.

பனாயித்தின் மகன்கள் நான்கு நாளும் வேலிக்கு வண்ணம் அடித்தார்கள், கூரை ஓடு மாற்றினார்கள். “அப்பா, இன்னிக்காவது தூக்கிடலாமா?” என்று தினமும் கேட்டார்கள். சனிக்கிழமை அவருக்குப் பொறுக்கவில்லை. இரண்டு வரிசையை மட்டும் தூக்கிக் கம்பியில் கட்டச் சொன்னார். நான் வேலியோரம் நின்று பார்த்தேன். “ரெண்டு வரிசை என் புத்திக்கு, பத்து வரிசை உன் தங்கச்சி புத்திக்கு” என்றார். ஞாயிற்றுக்கிழமை மாலை இலாரியோனின் பஸ்ஸில் மகன்கள் ஏறினார்கள். அதற்குப் பிறகு அவர் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து மீதிப் பத்து வரிசை மண்மேட்டைப் பார்த்தபடி இருந்தார்.

ஐந்தாம் தேதி காலையிலும் வெயில்தான். பகல் மூன்று மணிக்கு ஜன்னல் கதவு படாரென்று அடித்தது. வடகிழக்குக் காற்று. ஆறாம் தேதி மழை, மாலையில் பனி. நான்கு விரல் உயரம் விழுந்தது.

ஏழாம் தேதி விடியற்காலை ஐந்து மணிக்குத் தொம்னிக்கா எழுந்து வெளியே போனாள். வழக்கமாக ஏழுக்குத்தான் போவாள். நான் காபிக் கெட்டிலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் கழுத்தை அண்ணாந்து நின்றுகொண்டிருந்தாள். வானம் முழுக்க மேகம். சாம்பல் நிறப் போர்வை. பெட்டியில் மைனஸ் மூன்று.

நான் பேசவில்லை. ஏழு மணிக்கு முன்னால் பேசக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று அவளே பேசினாள்.

“அண்ணே, மேகம் இப்படியே நின்னா எனக்கு நல்ல வருஷம். போனா அவருக்கு நல்ல வருஷம்.”

“உனக்கு எது வேணும்?”

“காபியை ஊத்து” என்றாள்.

ஊற்றினேன். ஐந்தரைக்கு மேற்குக் குன்றின் மேலே ஒரு விரிசல் தெரிந்தது. அதில் இரண்டு நட்சத்திரம். பிறகு யாரோ போர்வையை இழுத்ததுபோல் மேகம் கிழக்கே நகர்ந்தது. காற்று நின்றது. மைனஸ் ஐந்து. மைனஸ் எட்டு. காதுமடல் சுட்டது. கெட்டில் மூக்கில் பனிக்கட்டி தொங்கியது. சரியாக ஏழு மணிக்கு அவள் படியில் ஏறிப் பெட்டியைத் திறந்தாள். ‘-11.2’ என்று எழுதினாள். எழுத்து கோணவில்லை. கீழே இறங்கி என் தோளில் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். அழுதாளா சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை. என் கோட்டுக் காலர் ஈரமாக இருந்தது, அதுவும் உறைந்துவிட்டது.

எட்டு மணிக்குப் பனாயித் தன் முகச்சவர பிளேடோடு தோட்டத்தில் நின்றார். மொட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உயிர் இருக்கிறதா என்று தெரியும். கம்பியில் கட்டிய இரண்டு வரிசையிலும் வெட்டிப் பார்த்தார். எல்லாம் நடுவில் கருப்பு. பிறகு மூன்றாம் வரிசை மண்ணைக் கையாலேயே விலக்கி ஒரு மொட்டை எடுத்து வெட்டினார். உள்ளே பச்சை, பட்டாணிபோல. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் நடந்து ரொட்டிக்கடைக்கு வந்தார். கீழ்த்தெருக்காரர்களும் அங்கேதான் நின்றார்கள், அவர்களிடம் காட்ட எதுவும் இல்லை.

“பாரு, ப்ரோஃபிரா. பச்சை” என்றார்.

“உனக்குப் பச்சை. என் மருமகளுக்கு?” என்றாள் ப்ரோஃபிரா. “மைனஸ் பதினொண்ணு! அந்த வருஷத்தை அவ எப்படி ஓட்டுவா? நீ வந்து ஓட்டுவியா?”

தொம்னிக்கா ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ப்ரோஃபிரா அன்று அவளுக்கும் பழைய ரொட்டியையே கொடுத்தாள்.

பகல் ஒரு மணிப் பதிவுக்கு அவளோடு நானும் போனபோது வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. கூரைகளிலிருந்து பனி உருகிச் சொட்டியது. பெட்டியில் பிளஸ் ஒன்பது. காலையிலிருந்து இருபது டிகிரி ஏறியிருந்தது. தெருவில் குழந்தைகள் கோட்டை அவிழ்த்து வேலியில் போட்டிருந்தார்கள். அவள் எழுதிவிட்டு நிமிர்ந்தபோது ப்ரோஃபிரா ரொட்டி மாவு ஒட்டிய கையோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். கடையை விட்டு அவள் பகலில் வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

“எவ்வளவு?” என்றாள்.

“ஒன்பது, அத்தை.”

“காலையில?”

“மைனஸ் பதினொண்ணு.”

ப்ரோஃபிரா வெயிலில் கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள், “யோர்தாகே, உன் தங்கச்சி காலையில எப்படி?”

“ஏழேகால் வரைக்கும் பூனைகூடக் கிட்டப் போகாது” என்றேன்.

“அப்புறம்?”

“அப்புறம் நீங்களே பாக்கறீங்களே.”

“அப்ப நாள் சரியாத்தான் சொல்லுது” என்றாள் ப்ரோஃபிரா. “விடியும்போது ஐஸு, மதியானத்துலேருந்து வெயில். நாப்பத்தொரு வயசுல கல்யாணம் பண்றவளுக்கு இதைவிட நல்ல நாள் எது? காலைதான் போயிருச்சே. இனிமே மிச்சமிருக்கறதெல்லாம் மதியானம்தான்.” மாவுக் கையால் தொம்னிக்காவின் கன்னத்தைத் தட்டினாள். வெள்ளை ஒட்டிக்கொண்டது. “ஆனா என் பையன்கிட்ட சொல்லிடறேன், காலையில ஏழு மணி வரைக்கும் வாயைத் திறக்காதேன்னு.”

“ஏழேகால், அத்தை” என்றாள் தொம்னிக்கா.

ஒன்பதாம் தேதி நாற்பது புனிதர் நாள். அன்று பிள்ளைகள் தடியால் தரையை அடித்து, ‘குளிரே உள்ளே போ, சூடே வெளியே வா’ என்று கத்துவார்கள். ஆண்கள் நாற்பது குவளை திராட்சை மது குடிக்க வேண்டும் என்பது சம்பிரதாயம். நான் பதினொன்றைத் தாண்டியதில்லை. அன்று காலை பத்து மணிக்குத் தொம்னிக்கா மண்வெட்டியோடு பனாயித் வீட்டுப் பக்கம் சைக்கிளைத் திருப்பினாள். ஆற்றங்கரை சுற்றிப் போகவில்லை. நானும் பின்னால் போனேன். இலாரியோன் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்தான். கீழ்த்தெருவிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். ப்ரோஃபிரா அன்றைய வழக்கப்படி எட்டு என்ற எண் வடிவத்தில் சுட்ட தேன் ரொட்டியை, வால்நட் தூவி, ஒரு பெரிய தட்டில் கொண்டுவந்தாள்.

பனாயித் வாளியிலிருந்து எழுந்தார். “ஏழு நாளைக்கு என்ன சொல்ற?” என்று முதலில் கேட்டார்.

“பதினாறு வரைக்கும் பனி இல்ல மாமா. பதிமூணாந்தேதி மழை. நம்பறீங்களா?”

“நம்பாம? தள்ளு, முதல் மண்ணை நான் எடுக்கறேன்.”

மொத்தம் பதினான்கு பேர். பகல் ஒரு மணிப் பதிவுக்கு மட்டும் தொம்னிக்கா சைக்கிளில் போய் வந்தாள். மாலை ஐந்தே முக்காலுக்குப் பத்தாவது வரிசையின் கடைசிக் கொடியைக் கம்பியில் கட்டினோம். முந்நூறு கொடி, நான் எண்ணினேன். அப்போது பனாயித்தின் சட்டைப்பையில் போன் அடித்தது. பெரிய மகன், இத்தாலியிலிருந்து. அவர் காதில் வைக்காமல் எல்லாரும் கேட்கும்படித் தூரத்தில் பிடித்தார்.

“அப்பா, கொடி எப்படி இருக்கு? எத்தனை வரிசை நிக்குது?”

“பத்து.”

“பன்னெண்டு இல்லையா?”

“பத்துன்னு சொல்றேன்ல. ரெண்டு வரிசை உங்கப்பன் புத்தி, அது போச்சு. அக்டோபர்ல லீவு போட்டு வாங்கடா. கல்யாணம் இருக்கு. மது நம்ம வீட்டுது.”

போனை மடித்துப் பையில் போட்டுவிட்டுத் தொம்னிக்காவுக்கு ஒரு குவளை ஊற்றிக் கொடுத்தார். அவள் ஒரே மடக்கில் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, சைக்கிளை எடுத்தாள். ஏழு மணிப் பதிவுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஆனால் வெள்ளைப் பெட்டியின் கதவுக் கீல் ஏழாம் தேதிப் பனியில் கொஞ்சம் இறுகிவிட்டது என்று காலையில் சொல்லியிருந்தாள். நானும் எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.